ஜெல் நல்லதா, மாத்திரை நல்லதா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தலைப்பிரசவம். 40 வாரம் முடிந்து நான்கு நாள் ஆகிவிட்டது, இன்னும் வலி எடுக்கவில்லை. திங்கட்கிழமை வந்து அட்மிட் ஆகுங்கள், ஜெல் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் டிரிப்ஸ் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்கள் நாத்தனாருக்குப் போன வருடம் வேறொரு ஊரில் ஒரு குட்டி மாத்திரையிலேயே சுகப்பிரசவம் ஆகியிருக்கிறது. அந்த மாத்திரையைத் தேடிப் பார்த்தால் அது வயிற்றுப்புண் மருந்து, கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்று போட்டிருக்கிறது. இதில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: ஏதோ ஒரு மருந்தைக் கொடுத்து வலி வரவைக்கிறேன் என்று சொல்லிக் கடைசியில் சிசேரியனில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களோ? இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அரசு மருத்துவமனையிலும் பிறகு தனியாரிலுமாக 27 வருடம் லேபர் வார்டில் இருந்தவள் நான். உங்களைக் கை வைத்துப் பார்க்காமல் உங்களுக்கு இதுதான் சரி என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன, எந்த இடத்தில் பயப்பட வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் ஒரு விஷயம். வலி வரவைப்பது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கர்ப்பப்பை வாய் இளக வேண்டும். அப்புறம் கர்ப்பப்பை சுருங்கிச் சுருங்கிக் குழந்தையைக் கீழே தள்ள வேண்டும். வாய் இளகாமல் மேலேயிருந்து எவ்வளவு அமுக்கினாலும் தாய்க்கு வேதனைதான் மிச்சம். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நாங்கள் சொல்வோம்: உன் மூக்கு நுனியைத் தொட்டுப் பார், இளகாத வாய் அப்படி இருக்கும், உதட்டைத் தொட்டுப் பார், இளகினது அப்படி இருக்கும். எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு மிருதுவாக இருக்கிறது, பின்பக்கம் ஒதுங்கியிருக்கிறதா முன்னால் வந்துவிட்டதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்து விஷயத்துக்கு மார்க் போட்டு மொத்தம் 13-க்குக் கணக்கிடுவோம். 1964-இல் எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை. அவர் பெயரிலேயே பிஷப் ஸ்கோர் என்கிறோம். 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் வாய் ஏற்கெனவே தயார். 6-க்குள் இருந்தால் முதலில் இளக்க வேண்டும். ‘ரெண்டு விரல் திறந்திருக்கு’ என்று நர்ஸ் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்; அது இந்த ஐந்தில் ஒன்று மட்டும்தான்.

ஆகவே ஜெல்லும் மாத்திரையும் ஒரே வேலைக்குப் போட்டியிடுபவை. டிரிப்ஸ் அந்தப் போட்டியிலேயே இல்லை; அது பெரும்பாலும் அடுத்த கட்டம். டிரிப்ஸில் போகும் ஆக்ஸிடோசின் உங்கள் மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தானாகவே விடுகிற ஹார்மோன்தான். அந்தச் சுரப்பியின் சாறு கர்ப்பப்பையைச் சுருக்குகிறது என்பதை ஹென்றி டேல் 1906-இல் கண்டார். வின்சென்ட் டு விக்னோ 1953-இல் அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டி 1955-இல் வேதியியல் நோபல் வாங்கினார். இதன் பெரிய சௌகரியம், நிறுத்தினால் நின்றுவிடும். ரத்தத்தில் இருக்கும் அளவு சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறையும். அதனால்தான் சொட்டு சொட்டாகக் கொடுக்கிறோம். 500 மில்லி பாட்டிலில் 5 யூனிட் கலந்து, நிமிடத்துக்கு நாலு சொட்டில் தொடங்கி, அரை மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். பத்து நிமிடத்தில் மூன்று நான்கு நல்ல வலி வந்தால் அதற்கு மேல் ஏற்ற மாட்டோம். இப்போது பல இடங்களில் பம்ப் வந்துவிட்டது. நாங்கள் படித்த காலத்தில் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மறு கைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணுவோம். கை வயிற்றின் மேல் இருப்பதுதான் அதில் முக்கியம், கடிகாரம் அப்புறம்.

இதே மருந்தை வலி வருவதற்காக ஊசியாகத் தொடையில் போடுவதை எங்காவது பார்த்தால் மட்டும் தயங்காமல் தடுங்கள். ஒரேயடியாக உள்ளே போய்விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, அளவையும் கட்டுப்படுத்த முடியாது. குழந்தை பிறந்தவுடன் ரத்தப்போக்கைத் தடுக்க 10 யூனிட் ஊசியாகப் போடுவார்கள். அது முறையானது, அவசியமானது. வித்தியாசம் குழந்தை வெளியே வந்துவிட்டதா இல்லையா என்பதுதான். இடையில் ஒன்று சொல்கிறேன்: பால் கறக்க மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று 2018-இல் மத்திய அரசு தனியார் நிறுவனங்கள் ஆக்ஸிடோசின் தயாரிக்கவே தடை போட்டது. தாய்மார்களின் உயிர் காக்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று வழக்குப் போட்டு, அந்த வருட டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. மாட்டுக்கொட்டகைக்கும் லேபர் வார்டுக்கும் ஒரே மருந்து என்பதை அன்றுதான் பலர் தெரிந்துகொண்டார்கள்.

சரி, ஜெல்லுக்கு வருவோம். அதில் இருப்பது டைனோபுரோஸ்டோன். வாயை இளக்க உடம்பே உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் இ2-தான் அது. செர்விபிரைம் என்ற பெயரில் சிரிஞ்சில் அடைத்தே வரும். அரை மில்லிகிராம் மருந்தைக் கர்ப்பப்பை வாய்க்குள் வைத்துவிட்டு, அரை மணி நேரம் எழுந்திருக்காமல் படுத்திருக்கச் சொல்வார்கள். தேவைப்பட்டால் 6 மணி நேரம் கழித்து இன்னொன்று. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கிடையாது. ஜெல் வைத்து 6 மணி நேரமாவது ஆன பிறகே டிரிப்ஸ். ‘காலையில வெச்சாங்க, மத்தியானம் வரைக்கும் யாரும் ஒண்ணும் பண்ணலை’ என்று வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் கோபப்படுவது இந்த நேரத்தில்தான். யாரும் மறந்துவிடவில்லை, மருந்துக்கு நேரம் கொடுக்கிறார்கள். இதே டைனோபுரோஸ்டோன் ஒரு மெல்லிய நாடா வடிவிலும் உண்டு. 10 மில்லிகிராம் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வலி அளவுக்கு மீறினால் நூலைப் பிடித்து இழுத்து எடுத்துவிடலாம். நல்ல ஏற்பாடு, விலைதான் இடிக்கும். ஜெல்லைக் குளிர்பெட்டியிலும் நாடாவை உறைபெட்டியிலும் வைத்திருக்க வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. உங்களுக்கு ஆஸ்துமாவோ கிளௌகோமாவோ இருந்தால் ஜெல் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் நாத்தனாருக்குக் கொடுத்தது மிசோபுரோஸ்டால். இது புரோஸ்டாகிளாண்டின் இ1-ஐப் போலச் செய்யப்பட்ட மருந்து. நீங்கள் படித்தது பொய்யில்லை. வலிநிவாரணி மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு வயிற்றுப்புண் வராமல் இருக்க, 1988-இல் அமெரிக்காவில் சைட்டோடெக் என்ற பெயரில் அனுமதி பெற்றது. கர்ப்பப்பையைச் சுருக்குவது அதன் பக்கவிளைவு. புண்ணுக்காகச் சாப்பிடும் கர்ப்பிணிக்குக் கரு கலையலாம், அதனால் கூடாது என்று பெட்டியிலேயே எச்சரிக்கை போட்டார்கள். அந்தப் பக்கவிளைவையே மகப்பேறு மருத்துவர்கள் சிகிச்சையாக எடுத்துக்கொண்டார்கள். தயாரித்த சியர்ல் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்காதீர்கள் என்றது. மருத்துவ அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அதற்குள் ஆய்வுகள் நிறைய வந்துவிட்டிருந்தன. 2005-இல் உலக சுகாதார நிறுவனம் 25 மைக்ரோகிராம் மாத்திரையைப் பிரசவ வலி தூண்டுவதற்கென்றே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வாய்வழியாக 2 மணிக்கு ஒரு தரம் 25 மைக்ரோகிராம், அல்லது பிறப்புறுப்பில் 6 மணிக்கு ஒரு தரம் 25 மைக்ரோகிராம் என்பது அவர்களுடைய பரிந்துரை. ஆக அந்த எச்சரிக்கை சரியானது, உங்கள் நாத்தனாருக்குக் கொடுத்ததும் சரியானதாகவே இருக்கலாம். புண்ணுக்கு வரும் மாத்திரை 200 மைக்ரோகிராம். பிரசவத்துக்கு அதில் எட்டில் ஒரு பங்கு.

இந்த எட்டில் ஒரு பங்கில்தான் நான் ஒரு பாடம் படித்தேன். 25 மைக்ரோகிராம் மாத்திரை எங்கள் வார்டுக்கு வராத காலம். பெரிய மாத்திரையை பிளேடால் வெட்டுவோம். மேசை மேல் வெள்ளைத் தாளை விரித்து, பாதி, அதில் பாதி, அதில் பாதி. கடைசி வெட்டில் ஒரு துண்டு பொடியாகும், பக்கத்துத் துண்டு அரைக்கடலை அளவுக்கு இருக்கும். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, சாயங்காலம் நான் துண்டு வைத்த ஒரு பெண்ணுக்கு வலி விடாமல் வந்தது. பத்து நிமிடத்தில் ஏழு. நடுவில் வயிறு தளரவே இல்லை, கல் மாதிரி இருந்தது. குழந்தையின் இதயத்துடிப்பு 140-லிருந்து 80-க்கு இறங்கியது. இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, கர்ப்பப்பையைத் தளர்த்த டெர்பியூட்டலின் ஊசி போட்டு, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்கு ஓடினோம். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தார்கள். நான் வைத்த துண்டு 25-தானா 40-ஆ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வெட்டுவதை விட்டுவிட்டேன். 200 மைக்ரோகிராம் மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் கரைத்துக் கலக்கி, 25 மில்லி அளந்து குடிக்கக் கொடுப்போம். கணக்கு நேராக வரும். இப்போது 25 மைக்ரோகிராம் மாத்திரையே கடையில் கிடைக்கிறது. ஆகவே மாத்திரை தருவதாக உங்களிடம் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: முழு 25-ஆ, வெட்டியதா?

பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் அது அளவு மீறிய தூண்டல். ஜெல், மாத்திரை, டிரிப்ஸ் மூன்றிலும் வரலாம். டிரிப்ஸை மூடிவிடலாம், நாடாவை இழுத்துவிடலாம். விழுங்கிய மாத்திரையையோ பூசிய ஜெல்லையோ அப்படித் திரும்ப எடுக்க முடியாது. எனக்கு ஒரு மருந்தை மதிப்பிடுவதில் முதல் அளவுகோல் இதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? புரோஸ்டாகிளாண்டின் மருந்துகளை ஒப்பிட்ட 280 ஆய்வுகளை, மொத்தம் சுமார் 48,000 பெண்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று 2015-இல் வந்தது. பிறப்புறுப்பில் 50 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ மிசோபுரோஸ்டால் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் பிரசவமாகும் வாய்ப்பு அதிகம். கூடவே அளவு மீறிய தூண்டலும் அதிகம். குறைந்த அளவில் வாய்வழியாகக் கொடுத்த மிசோபுரோஸ்டால் கரைசலில்தான் சிசேரியன் மிகக் குறைவு. வேகம் ஒரு பக்கம் இழுக்கிறது, பாதுகாப்பு இன்னொரு பக்கம் இழுக்கிறது. இது உறுதியாகத் தெரிந்த விஷயம். குறைந்த அளவு வாய்வழி மாத்திரையையும் ஜெல்லையும் நேருக்கு நேர் வைத்தால் வித்தியாசம் உங்கள் ஒருவருக்கு உணரும்படி இருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். ஆயிரம் பேரைக் கணக்கெடுத்தால் தெரியும் வித்தியாசம் ஒரு படுக்கையில் தெரியாது. விலையையும் குளிர்பெட்டியையும் கணக்கில் எடுத்தால் மாத்திரை ஜெயிக்கும். ஒரு மருத்துவமனை எதில் கை பழகியிருக்கிறதோ அதைத் தொடர்வதும் நியாயமே.

மருந்தே இல்லாத வழியும் இருக்கிறது, அதை நம் ஊரில் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. சிறுநீர் எடுக்கப் போடும் அதே ஃபோலி டியூபைக் கர்ப்பப்பை வாய் வழியே உள்ளே விட்டு, நுனியிலிருக்கும் பலூனில் தண்ணீர் நிரப்பி வைப்பது. வாயை அது மெதுவாக விரிக்கும். நெதர்லாந்தில் 824 பெண்களிடம் ஜெல்லோடு ஒப்பிட்டு 2011-இல் வெளியிட்டார்கள்: சிசேரியன் பலூனில் 23 சதவீதம், ஜெல்லில் 20, புள்ளியியல்படி இரண்டும் ஒன்றுதான். நம் நாட்டிலேயே, நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில், ரத்த அழுத்தம் கூடிய 602 கர்ப்பிணிகளிடம் பலூனையும் வாய்வழி மிசோபுரோஸ்டாலையும் ஒப்பிட்டார்கள்; 2017-இல் முடிவு வந்தது. 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனது மாத்திரையில் 57 சதவீதம், பலூனில் 47. எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும். நம் வார்டுகளின் கூட்டத்திலும் நர்ஸ் பற்றாக்குறையிலும் செய்து பார்த்தது அது.

பலூன் உண்மையில் கைகொடுப்பது முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தவர்களுக்கு. உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தும். பழைய தையல் இருக்கும் கர்ப்பப்பைக்கு மிசோபுரோஸ்டால் கூடவே கூடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், முதல் குழந்தை சிசேரியனில் பிறந்த சுமார் 20,000 பெண்களின் அடுத்த பிரசவத்தைப் பார்த்தார்கள். தானாக வலி வந்தவர்களில் ஆயிரத்துக்கு 5.2 பேருக்குக் கர்ப்பப்பை கிழிந்தது. புரோஸ்டாகிளாண்டின் கொடுத்துத் தூண்டியவர்களில் ஆயிரத்துக்கு 24.5. பழைய தையல் இருந்தால், ஃபைலில் எழுதியிருந்தாலும், வார்டில் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இப்போது சிசேரியன் பயம். வலி தூண்டினால் சிசேரியன் கூடும் என்று நானே பல வருடம் நம்பினேன். தானாக வலி வந்தவர்களோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நிஜ வாழ்க்கையில் தூண்டலுக்கு மாற்று ‘காத்திருப்பது’. தானாக வலி வருவதை யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. 2018-இல் அமெரிக்காவில் தலைப்பிரசவத்துக்கு வந்த, எந்தச் சிக்கலும் இல்லாத 6,106 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். 39 வாரத்தில் தூண்டியவர்களில் சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களில் 22.2. இதை வைத்து எல்லோருக்கும் 39 வாரத்தில் மருந்து வைக்க வேண்டும் என்று சொல்ல நான் தயாரில்லை. ஒவ்வொரு படுக்கைக்கும் மானிட்டரும் பொறுமையும் இருந்த மருத்துவமனைகளின் கணக்கு அது. நம்மிடம் பொறுமை குறைவு. வாய் இளகி, பனிக்குடம் உடைந்து, டிரிப்ஸ் போட்டு 12 மணி நேரமாவது பார்த்த பிறகே, அதுவும் தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், ‘மருந்து எடுபடவில்லை’ என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பே கையெழுத்து வாங்குகிற இடங்கள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அந்தக் குற்றத்தை மருந்தின் மேல் போட முடியாது.

காத்திருப்பதற்கும் எல்லை இருக்கிறது. ஸ்வீடனில் 41 வாரத்தில் தூண்டுவதா, 42 வரை விடுவதா என்று ஒப்பிட்ட ஆய்வை 2,760 பெண்களோடு பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. காத்திருந்த குழுவில் ஆறு குழந்தைகள் இறந்தன, தூண்டிய குழுவில் ஒன்றுகூட இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 41 வாரம் முடிந்தால் தூண்டச் சொல்கிறது. திங்கட்கிழமை வாக்கில் நீங்கள் 41-ஐத் தொட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் டாக்டர் அவசரப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை.

மாமியார் விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். சிரிக்கவில்லை. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம், புரோஸ்டாகிளாண்டின் போய் உட்கார வேண்டிய ஓர் இடத்திலேயே போய் உட்கார்ந்து குடலையும் கர்ப்பப்பையையும் சுருக்குகிறது என்று 2012-இல் எலிகளிடம் காட்டினார்கள். மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் அளவு யாருக்கும் தெரியாது, வயிற்றுப்போக்கு நிச்சயம், தண்ணீர் வற்றிப்போன உடம்போடு லேபர் வார்டுக்கு வருவீர்கள். ஜெல் வைக்கப் போகிற சமயத்தில் வேண்டாம். அதற்குப் பதில் சீரகக் கஷாயம் போட்டுத் தரச் சொல்லுங்கள். சூட்டு வலியாக இருந்தால் அடங்கும், பிள்ளை வலியாக இருந்தால் கூடும் என்பார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. குடித்தால் தெம்பாக இருக்கும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய. மருந்து வைப்பதற்கு முன்பும் பின்பும் குழந்தையின் துடிப்பை மானிட்டரில் பார்ப்பார்களா, ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர், அவசரம் என்றால் தியேட்டர் அதே கட்டிடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். வலி விடாமல் வந்தாலோ, குழந்தை அசைவது குறைந்தாலோ, ரத்தமாகப் பட்டாலோ பக்கத்தில் இருப்பவரை அனுப்பி உடனே கூப்பிடுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று யோசிக்காதீர்கள். அப்புறம், முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள். 40 வாரம் நாலு நாள் என்ற கணக்கு அதிலிருந்து வந்ததா, கடைசி மாதவிடாய்த் தேதியிலிருந்து வந்ததா என்று முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஃபைலின் அடியில், மடித்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளுக்கு நடுவில் கிடக்கும்.